டிரில் பிட்டுக்கு அடியில் என்ன? ஆந்திர எல்லையில் ஒரு லீவு

வெள்ளி: திருத்தணி, நகரி

கோதாவரி டெல்டாவில் எரிவாயுக் கிணறுகளில் எனக்கு வேலை. கிணற்றுக்குள் நில அதிர்வைப் பிடிக்கிற ஜியோஃபோனை இறக்கி, தரையில் ஒரு வெடியொலியை எழுப்பி, அது பாறைகளைக் கடந்து வந்து சேரும் நேரத்தைப் பதிவு செய்கிற கூட்டத்தில் நானும் ஒருவன். வீட்டில் இதை ‘பூமிக்குள்ள பாக்குற வேலை’ என்று சொந்தக்காரர்களிடம் சொல்லி வைத்திருக்கிறார்கள். அதனால்தான் லீவில் வந்தவனைத் தூங்க விடாமல், “நகரி அத்தை மாந்தோப்பில் போர் போடுறாங்க, நீ போய்ப் பாயிண்ட் பார்த்துக் குடு” என்று அனுப்பிவிட்டார்கள்.

திருத்தணியில் திருப்பதி பஸ் ஏறினால் கண் அசருவதற்குள் நகரி வந்துவிடும். 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. நகரியும் புத்தூரும் ஆந்திராவிலேயே தங்கிவிட்டன. கோடு போட்டவர்கள் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். பெண் கொடுத்து எடுக்கிறவர்கள் அதை இன்றைக்கும் கண்டுகொள்வதில்லை. பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இருந்த அம்மா போனில் தெலுங்கில் சண்டை போட்டு, வைத்தவுடன் பக்கத்துப் பெண்ணிடம் அதே சண்டையைத் தமிழில் தொடர்ந்தார்.

ஊரை நெருங்கினால் மலை உச்சி மூக்காக நீட்டிக்கொண்டிருப்பது தெரியும். நகரி மூக்கு. கடலில் போகிற கப்பல்காரர்களுக்கு அந்தக் காலத்தில் கரையை அடையாளம் காட்டிய மலை அது. கீழே ஏகாம்பரகுப்பத்தில் வீட்டுக்கு வீடு விசைத்தறிச் சத்தம். அத்தை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தால் பேச்சைக் கொஞ்சம் உரக்கத்தான் பேச வேண்டும்.

“மூணு கிலோமீட்டர் ஆழத்துல இருக்கிறத சொல்றவனுக்கு ஆறுநூறு அடி தெரியாதா?” என்று கேட்டார் அத்தை. நியாயமான கேள்விதான். என் கருவிக்கு முதலில் ஒரு துளை வேண்டும், துளை இருந்தால்தான் உள்ளே இறங்கிப் பார்க்க முடியும் என்றேன். அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “துளை போட்டப்புறம் நீ எதுக்குடா?” என்றார். எங்கள் துறைக்காரர்களிடம் கம்பெனி மேலாளர்கள் கேட்கிற கேள்வியும் இதேதான். அவர்கள் இங்கிலீஷில் கேட்பார்கள், அவ்வளவுதான்.

பாயிண்ட்டை ஏற்கெனவே பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் உள்ளங்கையில் தேங்காயை வைத்து நடந்து பார்த்துக் கொடுத்துவிட்டாராம். என்னை ஒரு பேச்சுக்குத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள்.

சனி: மாந்தோப்பு

ராத்திரியே திருச்செங்கோட்டு வண்டிகள் இரண்டும் வந்து நின்றுவிட்டன, ரிக் ஒன்று, கம்ப்ரசர் ஒன்று. காலை ஆறரைக்கு எலுமிச்சம்பழம் நசுக்கிக் கற்பூரம் கொளுத்தி ஆரம்பித்தார்கள். மேல்மண் சீக்கிரமே தீர்ந்தது. 60 அடியில் கேசிங், அதாவது துளை சரியாமல் இருக்க இறக்குகிற குழாய், நின்றதும் கடப்பாறை ஏறாத கல். அப்புறம் ஹாமர் ‘டக டக டக’ என்று இறங்க, வெள்ளைக் கல்மாவு புகையாக எழும்பி மாமரங்களை எல்லாம் திருநீறு பூசிய கணக்காக ஆக்கிவிட்டது.

லீவரைப் பிடித்திருந்தவர் ஐம்பதைத் தாண்டியவர். இரண்டு ராடு இறக்குகிற இடைவெளியில் என்னிடம், “ஏனுங் தம்பி, நீங்க கேஸ் எடுக்கிற எடத்துல என்ன ஆழத்துல இருக்குதுன்னு முன்னாலயே தெரிஞ்சிருமாமா?” என்றார்.

“தெரியும்ணே. ஆனா அடியில தெரியாது, செகண்டுல தெரியும்.”

அவர் சிரிக்கவில்லை. சொல்லுங்க என்று தலையை ஆட்டினார்.

தரைமேல் செய்கிற சைஸ்மிக் சர்வேயில், வண்டியை வைத்து நிலத்தை அதிர வைப்பார்கள், அல்லது சின்ன வெடி வைப்பார்கள். அலை கீழே போய், பாறை மாறுகிற இடத்தில் பட்டுத் திரும்பி வரும். போய் வர எடுத்த நேரம் மட்டும்தான் பதிவாகும். அதனால் அந்தப் படத்தில் கீழ்நோக்கிப் போகிற அளவுகோல் மீட்டரில் இருக்காது, விநாடியில் இருக்கும். வாயு இருக்கும் மணற்பாறையின் தலை 2.4 விநாடியில் தெரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். போக 1.2, வர 1.2. அலையின் சராசரி வேகம் விநாடிக்கு 2,500 மீட்டர் என்றால் ஆழம் 3,000 மீட்டர். அந்த வேகத்தில் நூற்றுக்கு மூன்று பங்கு பிசகினாலே ஆழம் 90 மீட்டர் பிசகும்.

“தொண்ணூறு மீட்டர்னா நம்ம ராடு பதினஞ்சு,” என்றார் அவர். மனக்கணக்கில் என்னைவிட வேகம்.

அந்தப் பிசகைத் தீர்க்கத்தான் பாதிக் கிணறு தோண்டியதும் எங்களைக் கூப்பிடுவார்கள். நாங்கள் விஎஸ்பி (வெர்டிகல் சைஸ்மிக் ப்ரொஃபைல்) என்று சொல்கிற வேலை, கிணற்றுக்குள்ளிருந்தே எடுக்கிற சைஸ்மிக் பதிவு. கேபிளின் நுனியில் ஜியோஃபோன் கருவியைக் கட்டி அடிவரை இறக்குவோம். கருவியிலிருந்து ஒரு கை விரிந்து சுவரோடு இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். பிடித்ததும் கேபிளைக் கொஞ்சம் தளர்த்திவிட வேண்டும், இல்லாவிட்டால் மேலே இருக்கிற இரைச்சல் கேபிள் வழியாகவே கருவிக்கு இறங்கிவிடும். தரையில் தண்ணீர் நிரப்பிய குழி ஒன்று, அதில் ஏர்கன் முங்கிக் கிடக்கும். ரேடியோவில் “ஃபயர்” என்றதும் அழுத்தக் காற்று ‘தொப்’பென்று வெடித்து விடுபடும், குழியிலிருந்து சேற்றுத் தண்ணீர் எகிறும். ஒரே இடத்தில் நாலைந்து முறை சுட்டு, பதிவுகளைக் கூட்டி, சத்தத்தைக் கழித்துவிட்டு, கையை மடக்கிக் கருவியைப் பதினைந்து மீட்டர் மேலே இழுத்து, மறுபடி இறுக்கி, மறுபடி ஃபயர். இப்படி அடியிலிருந்து மேல்வரை. ரிக்கில் அத்தனை பேரும் பம்ப்பை நிறுத்திவிட்டுக் கைகட்டி நிற்பார்கள். கம்பெனியின் ஆள் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை கடிகாரத்தைப் பார்ப்பார். கேசிங்குக்குப் பின்னால் சிமெண்ட் சரியாகப் பிடிக்காத இடம் வந்தால் குழாய் ‘ஙொய்ங்’ என்று அதிர்ந்து பதிவையே கெடுக்கும். அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்க்காமல் இருப்பது நல்லது.

இந்த யோசனையை 1960களில் சோவியத் நாட்டில் கால்பெரின் என்கிற விஞ்ஞானி வளர்த்தெடுத்தார். மேற்கத்திய கம்பெனிகள் 1970களில்தான் அதைக் கவனித்தன.

அண்ணன் இன்னும் திருப்தியாகவில்லை. “அது சரிங் தம்பி, தோண்டுன ஆழம்தான் தெரியுது. தோண்டாத ஆழம்?”

கீழே குவிந்திருந்த கல்மாவைக் காலால் சமன் செய்து, ஒரு குச்சியை எடுத்து வரைந்து காட்டினேன். நேர்க்கோடு ஒன்று, அது கிணறு. கருவி ஆழத்தில் இருந்தால் மேலிருந்து வருகிற அலை தாமதமாக வரும், கருவியை மேலே கொண்டுவரக் கொண்டுவரச் சீக்கிரம் வரும். அது ஒரு சாய்கோடு. கீழே இருக்கும் பாறையில் பட்டுத் திரும்புகிற அலை நேர்மாறு. கருவி ஆழத்தில் இருக்கும்போது சீக்கிரமும், மேலே வந்த பிறகு தாமதமாகவும் வரும். அது எதிர்ச் சாய்வில் இன்னொரு கோடு. இரண்டும் சேர்கிற இடம்தான் அந்தப் பாறையின் ஆழம். கிணற்றின் அடியோடு இரண்டு கோடுகளும் சேராமல் நின்றுவிட்டாலும், குச்சியைக் கொஞ்சம் கீழே இழுத்தால் எங்கே போய்ச் சேரும் என்று தெரிந்துவிடும் இல்லையா? அதுவரை யாரும் தோண்டாத இடம் அது. எவ்வளவு தூரம் கீழே நீட்டுகிறோமோ அவ்வளவு சந்தேகமும் கூடும் என்பது உண்மைதான். ஆனால் பிட்டுக்கு, அதாவது பாறையைத் துளைக்கிற முனைக்கு, அடியில் நூறு, இருநூறு மீட்டருக்கு இதைவிட நல்ல வழி கிடையாது.

அவர் அந்தப் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஹெல்ப்பர் பையன் ராடைத் தூக்கிக்கொண்டு அதன்மேலேயே நடந்து போனான்.

“எனக்கு சத்தத்துலயே தெரியுமுங்,” என்றார் பிறகு. கல் மாறினால் ஹாமர் குரல் மாறும், லீவரில் கை அதிர்கிற விதம் மாறும், மாவு நிறம் மாறுவதற்கு முன்னாலேயே. இதைக் கேட்டதும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பிட் பாறையைக் கடிக்கிற இரைச்சலையே அலையாக வைத்துக்கொண்டு, தரையில் ஜியோஃபோன் விரித்துக் கீழே இருப்பதைக் கணக்கிடுகிற முறை எங்களிடமும் உண்டு. பல்லுருளை பிட் போட்டிருந்தால் நன்றாக வேலை செய்யும். இப்போது பரவலாக ஓடுகிற வைர பிட் கல்லைச் சீவிக்கொண்டே போகும், சத்தம் போதாது. அதனால் அந்த முறைக்கு மவுசு குறைந்துவிட்டது.

சாயங்காலம் 480 அடி. மாவு மாவாகவே வந்தது, ஈரமே இல்லை. அத்தை யாரிடமும் பேசவில்லை. டீசலும் குறைந்திருந்ததால் மிச்சத்தைக் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று நிறுத்தினார்கள்.

ஞாயிறு: திருமலை

அத்தையின் வேண்டுதலை முன்னிட்டு நான் மலைக்கு. “தண்ணி வரணும்னு சொல்லிட்டு வா, அங்க நின்னு கல்லைப் பாத்துட்டு இருக்காதே” என்று சொல்லித்தான் அனுப்பினார். புத்தூர் வழியாக ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆகிறது. புத்தூரில் இப்போதும் எலும்பு முறிந்தவர்களை ஏற்றிக்கொண்டு தமிழ்நாட்டு நம்பர் கார்கள் கட்டுப் போட வந்து நிற்கின்றன.

கல்லைப் பார்க்காமல் எப்படி வருவது? மலைப்பாதையில் ஒரு வளைவை ஒட்டிய சரிவில், கீழே பழைய கிரானைட், அதன் தலையில் படுக்கை படுக்கையாக நகரி குவார்ட்சைட், மணல் இறுகி உருமாறிய பாறை. இரண்டும் தொடுகிற வரியை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை தேசியப் புவியியல் சின்னமாக அறிவித்திருக்கிறது. கீழ்ப்பாறை உருவாகி, அரிக்கப்பட்டு, பல பத்து கோடி ஆண்டுகள் அதன்மேல் ஒன்றும் படியாமல் கிடந்து, பிறகுதான் மேலே இருக்கும் மணல் வந்து படிந்திருக்கிறது. வண்டியில் போகிறவர்கள் கோவிந்தா சொல்லிக்கொண்டு அதைக் கடந்துபோகிறார்கள்.

இவ்வளவு பெரிய இடைவெளி என் கருவியில் எப்படித் தெரியும் என்று யோசித்தேன். அனேகமாக மங்கலாகத்தான் தெரியும். அலைக்குக் காலம் தெரியாது. பாறையின் அடர்த்தியையும் அதற்குள் அலை ஓடுகிற வேகத்தையும் பெருக்கினால் வருகிற எண் ஒன்றுதான் அதற்குத் தெரியும். மேலேயும் கீழேயும் அந்த எண் மாறினால் திரும்பும், மாறாவிட்டால் பேசாமல் தாண்டிப் போய்விடும். குவார்ட்சைட்டும் கிரானைட்டும் இரண்டுமே கடினம், இரண்டிலும் அலை விநாடிக்கு ஐந்து, ஆறு கிலோமீட்டர் ஓடும். ஆகவே யுகங்களின் இடைவெளி மெல்லிய கோடாகப் போய்விடும். ஆனால் கோதாவரிக் கரையில் ஒரு மணற்பாறைக்குள் கொஞ்சம் வாயு புகுந்திருந்தால் படம் பளீரென்று மின்னும்.

அந்தக் ‘கொஞ்சம்’தான் வில்லங்கம். தண்ணீர் நிறைந்த மணலில் நூற்றுக்கு ஐந்து பங்கு வாயு கலந்தாலே அலையின் வேகம் தடாலென்று இறங்கிவிடும். அதற்குமேல் வாயு கூடினாலும் வேகம் பெரிதாக மாறாது. ஆக, மின்னுகிற இடத்தில் எடுத்து விற்கிற அளவுக்கு வாயு இருக்கலாம், சோடா பாட்டிலைத் திறந்தால் வருகிற அளவுக்கும் இருக்கலாம். தரைமேல் எடுத்த படத்தை மட்டும் நம்பிக் கோடிகளைக் கொட்டி வெறும் தண்ணீரைத் தொட்ட கிணறுகள் உலகம் முழுக்க இருக்கின்றன.

துளைக்குள் இறங்கினால் இங்கேயும் கொஞ்சம் கை கொடுக்கும். எங்கள் கருவியில் மூன்று திசைக்கும் ஜியோஃபோன் உண்டு. தள்ளிக்கொண்டு போகிற அலையோடு, குறுக்கே ஆடிக்கொண்டு போகிற அலையையும் பிடிக்கலாம். குறுக்கலைக்கு வாயுவும் ஒன்றுதான், தண்ணீரும் ஒன்றுதான். இரண்டு அலைகளின் வேகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், மாறியது பாறையா அதற்குள் இருக்கும் திரவமா என்று பிரித்துச் சொல்ல ஒரு பிடி கிடைக்கும். இன்னொரு வசதியும் உண்டு. தரைமேல் எடுக்கும்போது அலை மேலடுக்குச் சேற்றை இரண்டு முறை கடக்க வேண்டும், போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று. கூர்மையான அதிர்வெண்களை அந்தச் சேறு தின்றுவிடும். கிணற்றுக்குள் ஒரே முறைதான். 3,000 மீட்டர் வேகப் பாறையில் 30 ஹெர்ட்ஸ் அலைக்கு 25 மீட்டருக்குக் குறைவான படுகையைப் பிரித்துக் காட்ட வராது. அதுவே 60 ஹெர்ட்ஸ் கிடைத்தால் பன்னிரண்டு, பதின்மூன்று மீட்டர் வரை தெரியும். கிணற்றில் வாயு மணல் மொத்தமே இருபது மீட்டர்தான் என்றால் இந்த வித்தியாசம் சின்னதில்லை.

தரிசன வரிசையில் நிற்கும்போது போன் வாங்கி வைத்துவிட்டார்கள். வெளியே வந்து பார்த்தால் அத்தையிடமிருந்து ஏழு மிஸ்டு கால். 640 அடியில் ஒன்றரை இன்ச் தண்ணீர். பெருமாளுக்கு ஒரு பங்கு, தேங்காய்க்காரருக்கு ஒரு பங்கு என்று பெருமை பிரிக்கப்பட்டுவிட்டது. ரிக்கார அண்ணன் என்ன சொன்னார் என்று கேட்டேன். 610 அடியிலேயே குரல் மாறிடுச்சுன்னாராம்.

திங்கள்: ஊத்துக்கோட்டை, சத்தியவேடு, தடா

திரும்பும் வழியை வேண்டுமென்றே சுற்றிக்கொண்டேன். பிச்சாட்டூர், நாகலாபுரம், ஊத்துக்கோட்டை, சத்தியவேடு, தடா. ஆந்திராவில் புறப்பட்டுத் தமிழ்நாட்டுக்குள் ஒரு டீ குடித்துவிட்டு மறுபடி ஆந்திராவுக்குள் நுழைகிற பாதை. ஊத்துக்கோட்டைப் பக்கம், கிருஷ்ணா நதித் தண்ணீரைக் கொண்டுவரும் கண்டலேறு கால்வாய் தமிழ்நாட்டில் கால் வைக்கிற இடத்துக்கு ஜீரோ பாயிண்ட் என்று பெயர். சென்னைக்காரர்கள் கோடையில் செய்தித்தாளில் மட்டும் பார்க்கும் பெயர். டீக்கடைக்காரர் கிருஷ்ணா தண்ணீர் எத்தனை கன அடி வருகிறது என்று தினமும் சொல்லும் நிலையில் இருக்கிறார்.

சத்தியவேட்டுக்கு வருவதற்கு என் காரணம் வேறு. சுற்றுவட்டாரத்தில் சாலைக்காக வெட்டிய மேடுகளில் செம்மண் நிற மணற்பாறையும், அதற்குள் உருண்டையான கூழாங்கற்களும் திரளாகத் தெரியும். ஆட்டோவை நிறுத்தி இறங்கி விரலால் நெம்பினால் ஒரு கல் அப்படியே கையோடு வந்துவிட்டது, முட்டை அளவு, வழவழப்பான குவார்ட்சைட். மேற்கே இருக்கும் மலைகளிலிருந்து ஆறு உருட்டிக்கொண்டு வந்தது. டைனோசர்கள் நடமாடிய கிரெட்டேசியஸ் காலத்துப் படிவு. பல்லாவரத்தில் 1863ல் கற்கோடரி கண்டெடுத்த புவியியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட்தான் இந்தப் பக்கத்துப் பாறைகளையும் நடந்து நடந்து குறித்து வைத்தார். இதே காலத்தைச் சேர்ந்த உறவுக்காரப் பாறை கோதாவரியில் ராகவபுரம் களிப்பாறை. அங்கே அது பல இடங்களில் கிலோமீட்டர் கணக்கில் ஆழத்தில் புதைந்து கிடக்கிறது. அதில்தான் வாயு விளைகிறது, அதில்தான் எங்களுக்குப் பயமும்.

களிமண் வேகமாகப் புதைந்தால் அதற்குள் இருக்கும் தண்ணீர் வெளியேற வழியில்லாமல் மாட்டிக்கொள்ளும். மேலே ஏறும் பாறையின் சுமையில் ஒரு பங்கைத் தண்ணீரே தாங்க ஆரம்பிக்கும். அழுத்தம் எகிறும். பிட் அதற்குள் நுழைந்தால், துளையில் நிரப்பியிருக்கும் மட்டின், அதாவது சேற்றுக் கரைசலின், எடை போதாமல் வாயு கிணற்றுக்குள் தள்ளிக்கொண்டு வரும். கிக் என்பார்கள். அடக்க முடியாமல் போனால் ப்ளோஅவுட். கோதாவரி டெல்டாவின் கோனசீமாவில் பாசர்லபூடி என்று சொன்னால் போதும், வயதானவர்கள் 1995 ஜனவரியிலிருந்து ஆரம்பிப்பார்கள். கிணறு இரண்டு மாதத்துக்கு மேல் எரிந்தது. ராத்திரியில் விளக்கு ஏற்றத் தேவைப்படவில்லை என்று சொல்வார்கள்.

சரி, மட்டை முன்னாலேயே கனமாக்கிவிட்டால்? மேலே இருக்கும் மெலிந்த பாறை உடைந்து மட்டெல்லாம் அதற்குள் ஓடிவிடும். அதனால் மெலிந்த பாறையைக் கேசிங் போட்டு மூடிவிட்டுத்தான் கனமான மட்டோடு கீழே போக வேண்டும். 20 அங்குலம், அதற்குள் 13⅜, அதற்குள் 9⅝, அதற்குள் 7. பழைய டிரான்சிஸ்டர் ஏரியலைத் தலைகீழாக நட்ட மாதிரி. அவசரப்பட்டு முன்னாலேயே ஒரு கேசிங்கை இறக்கிவிட்டால் ஒரு அளவு வீணாகும், வாயு மணலை எட்டும்போது துளை பென்சிலாக ஆகிவிடும். தாமதித்தால் என்ன ஆகும் என்பதற்குத்தான் பாசர்லபூடிக் கதைகள். ஆக, அழுத்தக் களிப்பாறையின் தலை எங்கே என்பதைத் தொடுவதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டும்.

சனிக்கிழமை கல்மாவில் வரைந்த கோடுகள் இதற்குத்தான். பொதுவாக ஆழம் போகப் போக அலையின் வேகம் கூடிக்கொண்டே போகும். தண்ணீர் மாட்டிக்கொண்ட களிப்பாறை இறுகாமல் இருப்பதால் அதில் வேகம் பின்வாங்கும். கீழிருந்து திரும்பி வந்த அலைகளை வைத்து அந்தப் பின்வாங்கல் எங்கே தொடங்குகிறது என்று கணக்கிட்டு, இன்னும் எழுபது மீட்டர் போகலாம், அதற்குமேல் வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். கொடுக்கிற ராத்திரி தூக்கம் வராது. இப்போது பிட்டுக்குப் பக்கத்திலேயே ஜியோஃபோன் வைத்த கருவிகள் வந்துவிட்டன. குழாய் மாட்டுவதற்காகப் பம்ப்பை நிறுத்துகிற ஓரிரு நிமிட மௌனத்தில் மேலே ஏர்கன் சுடும், கீழே கருவி நேரத்தைக் குறித்துக்கொள்ளும். பம்ப் மறுபடி ஓடியதும் மட்டில் அழுத்தத் துடிப்பாக அந்த நேரம் மேலே வரும். ரிக்கை நிறுத்தவே வேண்டாம். மேலே இருக்கும் கடிகாரமும் கீழே இருக்கும் கடிகாரமும் ஒத்துப்போக வேண்டும், அதுதான் பாடு. விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு பிசகினால் மூன்று மீட்டர். வெந்துகொண்டிருக்கும் ஆழத்தில் எந்தக் கடிகாரம் ஒழுங்காக ஓடும்?

காவிரி டெல்டாக்காரர்கள் யாராவது இதைப் படித்தால், ஹைட்ரோகார்பன் கிணற்றை எதிர்த்துப் போராடிய நெடுவாசலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையே என்பார்கள். நேரில் பலர் கேட்டிருக்கிறார்கள். இந்த சர்வே கிணற்றைத் தோண்டுகிறவனுக்குப் பாதுகாப்பு. வயல்காரனுக்கு அது பதில் இல்லை. அங்கே கிணறே வேண்டாம் என்று 2017ல் உட்கார்ந்தவர்களிடம் போய் நான் விஎஸ்பி நடத்திக் காட்டுகிறேன் என்று சொல்ல எனக்கு வாய் வராது. 2020ல் காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவித்ததும் என் மாமா எனக்குப் போன் போட்டு, “உனக்கு இங்க வேலை கிடையாதுடா” என்று சிரித்தார். நானும் சிரித்தேன். ஆந்திராவில் இருக்கிறதே.

தடாவில் இறங்கியபோது பழவேற்காட்டு ஏரிப் பக்கமிருந்து கருவாட்டு வாசனை. மீன்காரம்மா தமிழில் விலை சொல்லி, நான் பேரம் பேசியதும் தெலுங்குக்கு மாறினார். எதுவும் குறையவில்லை. அங்கிருந்து கூடூர் போய் ராஜமுந்திரி வண்டி.

பிளாட்பாரத்தில் உட்கார்ந்து மெயிலைத் திறந்தால் புதன்கிழமைக்கு வேலை தயார். 13⅜ கேசிங் இறங்கிவிட்டது, அடுத்த கட்டத்தில் பாதிவழியில் நிற்கிறார்கள், கீழே என்ன என்று பார்த்துச் சொல்ல வேண்டும். ஏர்கன் குழி தோண்டக் குறித்த இடத்துக்குப் பக்கத்து இறால் குளத்துக்காரர் ஒத்துக்கொள்ளவில்லையாம், அதிர்ச்சியில் குஞ்சுகள் சாகும் என்கிறார். குழியை நாற்பது மீட்டர் தள்ளினால் எனக்குக் கணக்கில் ஆஃப்செட்டை, அதாவது கிணற்றுக்கும் குழிக்கும் உள்ள தூரத்தை, மாற்றி எழுதுகிற வேலைதான். தள்ளிவிடுங்கள், ஆனால் தண்ணீர் முழு ஆழத்துக்கு நிற்கட்டும் என்று பதில் போட்டுவிட்டேன். வண்டி இருபது நிமிடம் லேட் என்று இப்போதுதான் அறிவித்தார்கள்.